கழிக்கப்பட்ட யந்திரமும் கரையேறும் படகும்

வயலில் பல ஆண்டு உழைத்துத் தேய்ந்த பவர் டில்லர் ஒன்றை விற்க முன்வரும் குடியானவருக்குக் காயலான் கடையில் கிடைப்பது இரும்பின் விலைதான். அதனுள்ளே இருக்கும் கியர்ப் பெட்டிக்கும் கிளட்சுக்கும் தராசில் தனி மதிப்பு இல்லை. உழவுக்கு உதவாமற்போன யந்திரம் வேறு எதற்கும் உதவாது என்று முடிவு கட்டுவது, சிக்கனத்தை உயிர்நாடியாகக் கொண்ட கூட்டுறவாளருக்கு ஏற்ற செயலன்று. வயலிலும் தொழிற்கூட முற்றத்திலும் கழிக்கப்பட்ட யந்திரங்களைக் கொண்டு, கடற்கரையில் படகுகளை ஏற்றி இறக்கும் சாதனத்தை நாமே செய்துகொள்வது பற்றி இம்மாதம் எழுத எண்ணினோம். நெசவாளரும் விவசாயிகளும் படிக்கும் ஏட்டில் படகுக்கு என்ன இடம் என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். அதற்கும் விடை கூறுவோம்.

பழைய யந்திரத்துக்குப் புதிய தொழில் கற்பிக்கும் கலை வட சென்னைக்குப் புதிதன்று. மகாகவி பாரதியின் பெயரைத் தாங்கிய எம்.கே.பி. நகரிலிருந்து கிழக்கே ராயபுரம், காசிமேடு வரை செல்பவரின் கண்ணில் மீன்பாடி வண்டி படாமல் இராது. மூன்று சக்கரமும் சரக்குத் தட்டும் கொண்டு காலால் மிதித்து ஓட்டப்பட்ட அந்த வண்டிக்கு, கழித்த ஸ்கூட்டர்களின் எஞ்சின்களைப் பொருத்தி ஓட்டப் பழகியவர்கள் பொறியியற் கல்லூரியில் பயின்றவர்கள் அல்லர், தெருவோரப் பட்டறைக்காரர்கள். குஜராத்தில் அம்ரேலி மாவட்டத்து மன்சுக்பாய் ஜகானி என்பவர் 1994ஆம் ஆண்டில் புல்லட் மோட்டார் சைக்கிளையே ஏர் பூட்டும் யந்திரமாக மாற்றி, அதற்குக் காப்புரிமையும் பெற்றார். தேவையும் கைத்திறனும் கூடுமிடத்தில் யந்திரம் மறுபிறவி எடுக்கிறது.

கடற்கரையில் அத்தகைய தேவை இன்று இருக்கிறதா? இருக்கிறது. கட்டுமரக் காலத்தில் கரைக்கு வந்ததும் கட்டை கட்டையாக அவிழ்த்து, நாலு பேர் தோள்கொடுத்து மேட்டில் சேர்த்துவிடலாம். இன்று அந்த இடத்தைப் பெரும்பாலும் ஃபைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. 2004ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர் அவை இன்னும் வேகமாகப் பரவின. எஞ்சினும் வலையும் சேர்ந்தால் ஒரு டன் அளவுக்குக் கனக்கும் படகை அவிழ்த்துத் தூக்க இயலாது. முழுதாகவே இழுத்தாக வேண்டும். 1984 முதல் இயங்கிவரும் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் நீரிலேயே நிற்கும். ஆனால் திருவொற்றியூர், எண்ணூர்க் குப்பங்களின் நிலை வேறு. அங்கே கடலரிப்பு மணலைத் தின்றுவிட்டது; அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள் நீண்டு கிடக்கின்றன. எஞ்சிய சிறு மணல் திட்டுகளில்தான் படகு ஏற வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் சில மணி நேரத்துக்குள் எல்லாப் படகும் மேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

முன்பு குப்பமே திரண்டு வடம் பிடித்தது. இன்று இளைஞர் பலர் ஆலை வேலைக்கும் துறைமுக வேலைக்கும் போய்விட, நரைத்த தலையினர் படகின் விளிம்பில் தோள்கொடுக்கின்றனர். தமிழகக் கரையோரம் பல ஊர்களில் டிராக்டர்கள் வாடகைக்கு இழுக்கின்றன. நல்லதுதான். ஆனால் டிராக்டர் ஒருவரது உடைமையாயிருக்கையில், புயல் நாளில் முதலில் கரையேறுவது யாருடைய படகு? கையில் ரொக்கம் உள்ளவருடையது. கடன் சொல்பவரின் படகு கடைசியில்தான் ஏறும். இந்த அநீதியை நீக்கும் வழியைத்தான் நாம் தேடுகிறோம்.

இனி யந்திரத்துக்கு வருவோம். இதற்குப் பெரிய குதிரைத் திறன் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். கணக்குப் போட்டால் அந்த எண்ணம் நிற்காது. கெட்டித் தரையில் காற்றடைத்த சக்கர டிரெய்லரில் ஏற்றிய ஒரு டன் பாரத்தை நகர்த்த 30, 40 கிலோ இழுவை போதும். உலர்ந்த மணலிலோ 200 கிலோ வரை வேண்டியிருக்கும். பத்துக்கு ஒன்று என்ற ஏற்றமும் சேர்ந்தால் இன்னும் 100 கிலோ கூடும். ஆக 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு குதிரைத் திறன் என்பது 75 கிலோ எடையை விநாடிக்கு ஒரு மீட்டர் உயர்த்தும் ஆற்றல். ஆகவே 300 கிலோ இழுவையுடன் விநாடிக்குக் கால் மீட்டர் வீதம் படகை நகர்த்த ஒரே குதிரைத் திறன்தான் செலவாகும். உராய்வில் போவதைச் சேர்த்து மூன்று என்று கொண்டாலும், பழைய பவர் டில்லரில் இருக்கும் எட்டு முதல் பதினைந்து குதிரைத் திறன் தாராளம். நாற்பது மீட்டர் மணலை மூன்று நிமிடத்துக்குள் கடந்துவிடலாம்.

குறை திறனில் இல்லை, பிடிப்பில் இருக்கிறது. பவர் டில்லரின் எடை ஏறத்தாழ 400 கிலோ. இளமணலில் ஒரு யந்திரம் தன் எடையில் பாதியளவு இழுத்தாலே பெரிது. அதாவது 200 கிலோ. அதற்குமேல் இழுக்கச் சொன்னால் சக்கரம் சுழன்று மணலில் குழி தோண்டும். யந்திரம் அச்சுவரை புதையும். ஆகையால் படகுத் தளத்தின் கெட்டித் தரையில் ஓடி இழுக்க அது பொருந்தும். மணற்கரையில் நின்று இழுக்க வேண்டும். மேட்டில் ஆழப் புதைத்த கட்டையில் அதன் சட்டத்தைப் பிணைத்து, சக்கரம் இருந்த அச்சில் வடம் சுற்றும் உருளையைப் பொருத்தினால், வயலில் சேற்றைக் கலக்கிய அதே கியர்ப் பெட்டி கரையில் வின்ச்சாகிவிடும். தாழ்ந்த கியரில் அந்த அச்சு மெல்லச் சுழல்வதே இந்த வேலைக்கு வேண்டிய குணம்.

இழுப்பதைவிடப் பிடித்து நிறுத்துவது முக்கியம். இதை நெசவாளருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. தறியில் துணி சுருட்டும் உருளையின் பல்சக்கரத்தில் ஒரு தடுப்பு நாக்கு விழுந்து, சுற்றியது அவிழாமல் காப்பதை அவர் நாள்தோறும் காண்கிறார். படகு இழுக்கும் உருளைக்கும் அதே ஏற்பாடு இன்றியமையாதது. எஞ்சின் நடுவில் நின்றுபோனால் ஒரு டன் பாரம் சரிவில் பின்னோக்கி உருளும். பின்னால் நிற்பவர் மனிதர். பல்சக்கரம், தனியே ஒரு பிரேக், டிரெய்லர் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை ஆகிய மூன்றும் இல்லாத யந்திரத்தை ஒரு நாளும் இயக்கலாகாது. வேட்டியும் புடவையும் பெல்ட்டில் சிக்கிய விபத்துகளைக் கதிரடிக்கும் களங்களில் விவசாயிகள் அறிவர். ஆகவே சுழலும் பாகம் அனைத்துக்கும் மூடி வேண்டும். விறைத்த வடத்தின் அருகில் எவரும் நிற்கக் கூடாது. நைலான் வடம் அறுந்தால் சாட்டைபோல் திரும்பி அடிக்கும். யந்திரம் உப்பு நீரைத் தொடாதபடி மேட்டிலேயே நிற்க வேண்டும். வேலை முடிந்ததும் நல்ல நீரால் கழுவிக் கிரீஸ் இட வேண்டும்.

இதைச் சாலையில் ஓட்ட ஆசைப்படுவதும் தவறு. தண்ணீர் இறைக்கும் எஞ்சினை வண்டிச் சட்டத்தில் பூட்டி வட மாநிலங்களில் ஓட்டிய ‘ஜுகாட்’ வண்டிகளும் மோட்டார் வாகனங்களே, சட்ட விதிகள் அவற்றுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. பதிவும் காப்பீடும் இல்லாத வண்டி ஒருவரை மோதினால், பாதிக்கப்பட்டவருக்கு யார் ஈடு தருவது? நாம் கூறும் சாதனம் கரையோடும் படகுத் தளத்தோடும் நிற்கட்டும்.

ஓர் ஆட்சேபம் எழக்கூடும். வடம் பிடித்துப் பங்கு பெறும் ஏழைத் தொழிலாளியின் பிழைப்பு என்னாகும்? இக்கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. யந்திரம் தனியாருடையதாயின் கூலி முழுதும் ஒரு கைக்குப் போகும். சங்கத்தினுடையதாயின், அதை இயக்கவும் வடம் மாட்டவும் முட்டுக்கட்டை வைக்கவும் அதே தொழிலாளிகளை அமர்த்தி ஊதியம் தரலாம். அவர் முதுகு முறியும் வேலை போகும், வருமானம் போகாது. இதைத் துணைவிதியிலேயே எழுதிவைக்க வேண்டும்.

இவ்வளவையும் சங்கத்தால் செய்ய முடியுமா என்று ஐயுறுபவர்கள் நம் வரலாற்றை நினைவுகூர வேண்டும். இந்நாட்டின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904இல் தோன்றியது, சென்னைக்கு மேற்கே உள்ள திரூரில்தான். 1980இல் பதிவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, மீனவர்க்குச் சொந்தமான படகு கட்டும் தளங்களையும் எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் நடத்திக் காட்டியது. டிராக்டர் வாங்க இயலாத சிறு விவசாயிக்குத் தொடக்க வேளாண்மைச் சங்கங்கள் யந்திரங்களை வாடகைக்கு விடுகின்றன. வயலுக்கு ஏற்ற முறை கரைக்கு மட்டும் ஏன் ஏற்காது?

நம் ஏட்டில் படகுக்கு உரிய இடமும் இதுவே. விவசாயச் சங்கத்தில் பவர் டில்லரும் பம்பு எஞ்சினும் கழிக்கப்படுகின்றன. நெசவாளர் சங்கத்தில் பழைய மோட்டாரும் உருளையும் பல்சக்கரமும் மூலையில் துருப்பிடிக்கின்றன. மீனவர் சங்கத்துக்கு இவை அனைத்தும் தேவை. ஒவ்வொரு சங்கமும் தன் கழிபொருட்களுக்கு ஒரு பதிவேடு வைக்கட்டும். ஏலம் விடுவதற்கு மூன்று மாதம் முன்பாக அதன் நகலை மற்றச் சங்கங்களுக்கு அனுப்பட்டும். இரும்பு விலைக்குச் சற்று மேலாக ஒரு விலை வைத்தாலும் விற்பவருக்கு லாபம், வாங்குபவருக்கும் லாபம். பொருத்தும் வேலையை எம்.கே.பி. நகர், வியாசர்பாடிப் பகுதிப் பட்டறைகளிடமே ஒப்படைக்கலாம். கைத்திறனுக்கு அங்கே பஞ்சமில்லை. செய்து முடித்த யந்திரத்தைத் தேர்ந்த பொறியாளர் ஒருவர் பாரம் ஏற்றிச் சோதித்துக் கையெழுத்திட்ட பின்னரே கரைக்கு அனுப்ப வேண்டும்.

வரிசை முறையையும் முன்னதாகவே வகுத்துவிடுவது நலம். சாதாரண நாளில் வந்த வரிசைப்படியும், புயல் எச்சரிக்கை நாளில் நீருக்கு மிக அருகில் கிடப்பது முதலாகவும் படகுகள் ஏறட்டும். கட்டணம் கணக்கில் பற்றாக எழுதப்பட்டுப் பின்னர் வசூலாகட்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசிக்கு முன் இந்த ஏற்பாடுகள் முடிந்தாக வேண்டும். அங்கத்தினர்கள் தத்தம் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் கழிபொருட் பதிவேடு பற்றிய தீர்மானத்தைக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம்.