வர மறுக்கும் ஆக்சில்

சித்தூரிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலை புத்தலப்பட்டில் கவடாகப் பிரிகிறது. ஒன்று பீலேர், கடப்பா வழியாகக் கர்னூலுக்கு, மற்றது திருப்பதிக்கு. வேலூர், காட்பாடி பக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் ஏழுமலையானைப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு இது பழகிய வழி. பாதி வழியில் பின் டயர் பஞ்சராகிறது என்று வைத்துக்கொள்வோம். டியூபை மாற்றச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். சக்கரத்தைக் கழற்ற ஆக்சிலை உருவ வேண்டும். நட் சுலபமாகக் கழன்றுவிடுகிறது. ஆக்சில் மட்டும் அசைய மறுக்கிறது.

வாடிக்கையாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மெக்கானிக் சுத்தியலை எடுக்கிறார். வம்பு ஆரம்பிப்பது இங்கேதான்.

ஓங்கி அடித்தால் ஆக்சிலின் மரை நசுங்கும். முனை காளான் குடை போல விரியும். விரிந்த முனை பேரிங்கின் துளைக்குள் நுழையாது. அதுவரை துருதான் பிடித்துக்கொண்டிருந்தது. இனி ஆக்சிலே ஆப்பாகிவிடும்.

இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆக்சிலுக்கும் பேரிங்குக்கும் நடுவே இருப்பதோ மயிரிழை இடைவெளி. சர்வீஸ் நிலையத்தில் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரும் மழைக்காலச் சேறும் அங்கே போய்த் தங்கினால் போதும். அலுமினியப் பாகங்களுக்குள் எஃகு ஆக்சில் போகும் வண்டிகளில், ஈரம் பட்டால் இரண்டு உலோகங்களும் சேர்ந்து அரித்துக்கொள்வது இன்னும் வேகம்.

விவரமானவர் முதலில் ஸ்பேனரை மாட்டி ஆக்சிலைத் திருப்பிப் பார்ப்பார். திரும்புகிறது, ஆனால் வெளியே வரவில்லை என்றால், பள்ளங்களில் விழுந்து வளைந்திருக்கலாம். திரும்பவே இல்லை என்றால் துரு. பிறகு செயின் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டயருக்கு அடியில் ஒரு பலகையைச் செருகிச் சக்கரத்தின் பாரத்தைத் தாங்கச் செய்வார். பாரம் ஆக்சிலில் தொங்கும்வரை நல்ல ஆக்சில்கூட வராது.

அடுத்து எண்ணெய். கடைகளில் கிடைக்கும் டபிள்யூ.டி.-40, அமெரிக்காவில் 1953-ல் அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகட்டைத் துருவிலிருந்து காக்க உருவானது. அதில்லாத ஷெட்களில் மண்ணெண்ணெயோ டீசலோ. எதுவானாலும் ஊற்றியதும் வேலை நடக்காது, ஊற வேண்டும். சில சமயம் ஓர் இரவு முழுக்க. அது பிரேக் ஷூவில் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் குடித்த ஷூ சக்கரத்தைப் பிடிக்காது.

ஊறிய பிறகு முன்னும் பின்னுமாகத் திருப்பித் திருப்பி இளக்க வேண்டும். தட்டித்தான் ஆக வேண்டும் என்றால், முனையோடு சமமாக நிற்கும்படி நட்டைத் திரும்ப மாட்டி, நடுவில் பித்தளைத் துண்டோ மரக்கட்டையோ வைத்துத் தட்டலாம். நெருப்பு காட்டுவது கடைசிக்கு முந்தைய வழி: பேரிங் சீல் உருகும், கிரீஸ் எரியும், பக்கத்தில் பெட்ரோல் இருக்கிறது. கடைசி வழி ஹேக்ஸா பிளேடு. ஃபோர்க்குக்கும் ஸ்பேசருக்கும் இடையில் ஆக்சிலை அறுத்துவிடுவது. கேட்கப் பதறும், ஆனால் ஆக்சில் மலிவு. அடித்து உடையும் ஹப் அப்படியல்ல.

புது ஆக்சில் கிடைக்காதபோதுதான் உண்மையான ஆபத்து. மைசூரில் 1996-ல் உற்பத்தி நின்ற பழைய எஸ்டி போன்ற வண்டிகளுக்கு லேத் பட்டறையே கதி. அங்கே கையில் கிடைத்த கம்பியைக் கடைந்து மரை போட்டுக் கொடுத்தால் பார்வைக்கு அசல்தான். பதப்படுத்திய எஃகின் பலம் மட்டும் அதில் இருக்காது. நசுங்கிய மரையில் நட்டை முறுக்கி ஏற்றி, பழைய ஆக்சிலையே திரும்பப் போட்டு அனுப்புவதும் இதே ரகம்.

விளைவு தெரிவது மலையில். திருமலையின் முதல் பாதை 1944-லும், இரண்டாவது 1974-லும் திறக்கப்பட்டன. முதல் பாதைதான் இப்போது இறங்குவதற்கு. கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வரும்போது, பின்னால் இருக்கும் மொத்த நம்பிக்கை ஓர் ஆக்சில், ஒரு நட், டிரம் பிரேக் தட்டைப் பிடித்து நிறுத்தும் ஆங்கர் ராடு. சக்கரத்தை மாட்டும் அவசரத்தில் அந்த ராடை முடுக்க மறந்தால், பிரேக் பிடித்ததும் தட்டே சுழன்று சக்கரம் இறுகிவிடும்.

செலவு யாருடையது என்பது தனிச் சண்டை. 'நல்லாத்தானே ஓடிச்சு' என்பார் வண்டிக்காரர். 'துரு நான் வெச்சதா?' என்பார் மெக்கானிக். இருவர் சொல்வதும் நியாயம். சுத்தியலைத் தொடுவதற்கு முன்பே 'இது இன்றைக்கு வராமல் போகலாம், அறுக்க வேண்டியும் வரலாம்' என்று சொல்லிவிடும் மெக்கானிக்கிடம் பிற்பாடு சண்டை வராது. அதைக் கேட்டுவிட்டுப் பஸ் ஏறும் பொறுமை வண்டிக்காரருக்கும் வேண்டும். திருப்பதிக்குப் பஸ்ஸுக்கா பஞ்சம்?

இத்தனை பாட்டுக்கும் காரணம், போன தடவை சக்கரத்தை மாட்டியவர் ஆக்சிலைத் துடைத்து, விரல் நுனி கிரீஸைத் தடவாமல் விட்டது. அதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம். சக்கரத்தை மாட்டும்போது பக்கத்தில் நின்று, 'கிரீஸ் வெச்சீங்களா?' என்று கேட்க அதுகூட ஆகாது.