பாவும் ஊடையும் தமிழ். காப்புரிமைக்குத் தமிழ் ஆகாதோ?

இழைக்கும் நூல் என்று பெயரிட்டு, அறிவு பொதிந்த ஏட்டுக்கும் நூல் என்றே பெயரிட்ட இனம் தமிழினம். பஞ்சை முறுக்கி இழையாக்குதலும் எண்ணத்தை முறுக்கிச் சொல்லாக்குதலும் ஒரே தொழிலின் இரு கூறுகள் என்று கண்ட மொழி தமிழ்மொழி. அவ்வினத்து மகன் ஒருவன் இழையிலே ஒளியை நெய்து, அவ்வொளித் துணியைத் தன் புதுப்புனைவு என்று நாட்ட வேண்டி அரசின் வாயிலுக்குச் செல்வானாயின், அவன் நெய்த நூலைப் பார்க்குமுன் அவன் எழுதிய நூலை அவ்வாயில் தள்ளி விடும். அதிலுள்ள குற்றம் ஒன்றே ஒன்று: அது தமிழில் எழுதப்பெற்றிருக்கும்!

இது மிகையுரையன்று. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் வழிவந்த 2003ஆம் ஆண்டு விதிகளுள் 9ஆம் விதி, காப்புரிமை அலுவலகத்தில் இடப்பெறும் ஆவணங்கள், உறுதியுரைகளும் வரைபடங்களும் நீங்கலாக, இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும் என்று வரையறுக்கின்றது. கோடு கிழிக்கத் தமிழனுக்கு உரிமையுண்டு. வாய் திறக்க உரிமையில்லை. கட்டுப்பாட்டாளர் வேறுவகையாகப் பணித்தாலோ இசைந்தாலோ அன்றி என்று ஒரு சிறு புழை அவ்விதியில் உண்டு என்பர் சிலர். உரிமை வேறு, இசைவு வேறு. இந்தியில் எழுதுவோன் உரிமையோடு நுழையும் வாயிலில், தமிழில் எழுதுவோன் இசைவு கேட்டுக் கைகட்டி நிற்றல் நிகர்மை ஆகுமா? சென்னைக் கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகம் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் கருநாடகத்துக்கும் கேரளத்துக்கும் உரியது. இந்நிலங்களின் மொழிகளுள் ஒன்றுக்கும் அங்கு இடமில்லை. இந்நிலங்களுள் ஒன்றுக்கும் மண்ணின் மொழியல்லாத இந்திக்கோ முழுவிடம்!

ஒளி நெய்யும் திறம்

ஒளியுமிழும் நெசவுத்திரை இன்று வெறுங்கனவன்று. 2006ஆம் ஆண்டிலேயே பிலிப்சு நிறுவனம் ஒளியுமிழ் இருமுனையங்களைத் துணிக்குள் பொதித்து, எழுத்தும் படமும் காட்டும் ஆடைகளைச் செய்து காட்டிற்று. அதில் துணி வேறு, விளக்கு வேறு. 2021ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், சீனத்துச் சாங்காய் நகரின் பூதான் பல்கலைக்கழகத்துப் பெங் குயிசெங் குழுவினர் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியிட்ட திரையிலோ, துணியே விளக்கு. 6 மீட்டர் நீளமும் கால் மீட்டர் அகலமும் கொண்ட அத்துணியில் ஏறத்தாழ 5 இலக்கம் ஒளிப்புள்ளிகள். வெள்ளி பூசிய நூலின்மேல் துத்தநாகக் கந்தகை அடிப்படையிலான ஒளியுமிழ் பொருளைப் பூசிப் பாவாக்கினர். மின் கடத்துவதும் ஒளி புகுவதுமான இழையை ஊடையாக்கினர். பாவும் ஊடையும் தொடும் புள்ளிதோறும் மின்புலத்தால் ஒளி பிறந்தது. தனிப் பாவில் ஒளியில்லை. தனி ஊடையில் ஒளியில்லை. இரண்டும் கூடிய இடத்தில் ஒளி!

பாவு, ஊடை, தறி, அச்சு, விழுது என்னும் சொற்கள் தமிழனுக்கு எவரும் கற்பித்தவை அல்ல. காஞ்சியிலும் குறிஞ்சிப்பாடியிலும் கல்லாத நெசவாளியும் நாள்தோறும் ஆளும் சொற்கள் அவை. உலகின் புத்தம்புதிய மின்னணுத் திரையின் உயிர்நிலை இவ்விரண்டு பழந்தமிழ்ச் சொற்களுக்குள் அடங்கிக் கிடக்கின்றது. அவ்வாறிருந்தும், அத்திரைக்குக் காப்புரிமை வேண்டுவோன் அவ்விரு சொற்களையும் வாயிலுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டே உள்ளே செல்லல் வேண்டும்!

எது புதுப்புனைவு?

சட்டம் மூன்று தகுதிகளைக் கேட்கின்றது. பொருள் புதியதாயிருத்தல் வேண்டும். அத்துறையில் கைதேர்ந்தவனுக்கும் எளிதில் தோன்றாத புனைவுநிலை அதில் இருத்தல் வேண்டும். தொழிலுக்குப் பயன்படுதல் வேண்டும். இவற்றோடு 3ஆம் பிரிவு, காப்புரிமை பெறாதன இவையிவை என ஒரு நீண்ட பட்டியலையும் தருகின்றது. முன்பே அறியப்பட்ட கருவிகளை, ஒவ்வொன்றும் தனித்தனியே முன்போலவே இயங்குமாறு, வெறுமனே அடுக்கி வைத்தல் புதுப்புனைவாகாது. செய்தியைக் காட்சிப்படுத்துதல் மட்டும் புதுப்புனைவாகாது. கணிப்பொறி நிரல் தன்னளவில் புதுப்புனைவாகாது. வழிவழி வந்த மரபறிவும் புதுப்புனைவாகாது.

ஒளித்துணியை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்க. துணியொன்றில் விளக்குகளைத் தைத்து, மின்கலத்தை இணைத்து, "இதோ புதுப்புனைவு" என்றால், துணி துணியாகவும் விளக்கு விளக்காகவும் தனித்தனியே தொழிற்படுவதால் அது வெறும் அடுக்கு என்று தள்ளப்படும். அத்துணியில் தோன்றும் படத்துக்கு உரிமை கேட்டால், அது செய்திக்காட்சி என்று தள்ளப்படும். பாவும் ஊடையும் கூடிய இடத்தில், தனித்தனியே அவற்றுள் ஒன்றும் தராத ஒளி பிறக்கும் அமைப்பு இது என்று விளக்கினால் மட்டுமே வாயில் திறக்கும். 1978ஆம் ஆண்டில், ஏனங்களைக் கடையும்பொழுது பிடித்து நிறுத்தும் கருவி பற்றிய பிசுவநாத் பிரசாத் வழக்கில், இந்திய உச்ச நயன்மன்றமும் இதனையே வலியுறுத்திற்று. பொருள்களைக் கூட்டி வைத்தல் போதாது. கூட்டத்திலிருந்து புதிய பயன் விளைதல் வேண்டும். பட்டறையிற் செய்யும் சிறு திருத்தம் புதுப்புனைவாகாது.

எனவே, ஒரே துணி ஒரு சொற்றொடரால் காப்புரிமை பெறும். மற்றொரு சொற்றொடரால் இழக்கும். தறியில் நெய்வது பாதித் தொழில். உரிமைக்கூற்றில் நெய்வது மறுபாதி. அம்மறுபாதியைத்தான் தமிழனின் கையிலிருந்து 9ஆம் விதி பறித்துக் கொள்கின்றது.

திட்டக்குடியில் ஒருவன்

வெள்ளாற்றங்கரைத் திட்டக்குடியில் பிறந்த ஓர் இளைஞனை எடுத்துக்காட்டாகக் கருதுக. அண்மையிலுள்ள முதுகுன்றத்தில் அவன் பீங்கான் தொழில் பயின்றவன். தேவாரம் பாடிய முதுகுன்றத்தை விருத்தாசலம் என்று வடமொழியில் பெயர்த்துப் பலகை மாட்டிய கொடுமையை அவன் நாள்தோறும் கண்டு வளர்ந்தவன். முதுமைக்கு விருத்தம் என்றும் குன்றத்துக்கு அசலம் என்றும் சொல்லுக்குச் சொல் மாற்றி ஊரின் பெயரையே கவர்ந்த கதை அது. மண்ணைச் சுட்டுப் பீங்கானாக்கும் கைத்திறத்தால் பெயர்பெற்ற ஊர் அது. அருகிலுள்ள நெய்வேலியின் நிலக்கரி, தென்னாட்டுக்கே மின்னொளி தருகின்றது. குறிஞ்சிப்பாடியின் தறிகளில் கைலி நெய்யப்படுகின்றது. மண்ணும் மின்னும் தறியும் ஒரே மாவட்டத்தில் கூடிய நிலம் கடலூர் மாவட்டம்.

ஒளியுமிழ் மாவைக் கொண்டு செய்யும் விளக்குப் பலகைகளில் மின்காப்புப் படலமாக இடப்பெறும் பேரியம் தைத்தனேற்று, ஒரு பீங்கான் வகைப் பொருளே. அப்பீங்கான் மாவைப் பாவிழையின்மேல் மெல்லியதாகப் பூசி, மடித்தாலும் உதிராமல் ஒளிரும் துணியொன்றை அவ்விளைஞன் நெய்துவிட்டான் என்று கொள்க. தான் செய்ததை அவன் அறிவான். எந்தப் பூச்சு முதலில், எது பின்னர், ஊடை பாவினை எவ்விடத்தில் எவ்வாறு தொடுதல் வேண்டும் என்பதை அவன் தமிழில் ஐயத்துக்கிடமின்றி எழுதுவான்.

ஆனால் அவன் எழுத்து செல்லாது. அதனை ஆங்கிலத்தில் எழுதித் தருவோரைத் தேடி அவன் 200 கிலோமீட்டருக்கும் மேல் கடந்து சென்னைக்குச் செல்லல் வேண்டும். தனியொருவர் மின்வழியில் விண்ணப்பம் இடுதற்கு அரசு பெறும் கட்டணம் 1,600 உருவாவே. எழுதித் தருவோர்க்குரிய கூலி அதனினும் பன்மடங்கு. பொருளிழப்பு ஒருபுறம் நிற்க. தறியே காணாத ஒருவர் ஊடை என்பதனை வெறும் இழை என்று பெயர்த்துவிட்டால், நெசவமைப்புக்குரிய உரிமைக்கூற்று பொது இழைக்குரியதாகிப் பழைய புனைவுகளோடு மோதி வீழும். தொடுதல் என்பதனை ஒட்டுதல் என்று பெயர்த்துவிட்டால், ஒட்டாமல் தொடவைக்கும் பகைவன் எளிதில் தப்புவான். பின்னர்த் திருத்திக் கொள்ளலாமா? முதலில் கூறாத பொருளைப் பின்னர்ச் சேர்க்கவும், கேட்ட உரிமையின் எல்லையை அகற்றவும் 59ஆம் பிரிவு இடம் தராது. எவனோ ஒருவன் பிழைபடப் பெயர்த்த ஒரு சொல்லுக்காக, புனைந்தவன் 20 ஆண்டு உரிமையை இழந்து நிற்பான்.

மறுக்கத் தமிழ் வேண்டும். பெறத் தமிழ் வேண்டா!

இக்கொடுமையின் உச்சம் இனிமேல்தான் உள்ளது. தமிழுக்குக் காப்புரிமைச் சட்டத்தில் இடமே இல்லை என்று எவரும் கருதிவிட வேண்டா. ஒருவன் புனைவு புதியதன்று என்று எதிர்ப்போர், எந்நாட்டில் எம்மொழியில் வெளிவந்த ஏட்டையும் சான்றாகக் காட்டலாம், தமிழேட்டையும் காட்டலாம். ஏடும் வேண்டா, உள்ளூர்க் குடிகளிடையே வாய்மொழியாக வழங்கும் அறிவே போதும் என்று 25ஆம் பிரிவு கூறுகின்றது. பாட்டி சொன்ன தமிழ் ஒருவன் காப்புரிமையைத் தடுக்க வல்லது. பேரன் எழுதிய தமிழ் காப்புரிமையைக் கேட்கவும் வலியற்றது!

மஞ்சள் புண்ணாற்றும் என்பதற்கு 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மிசிசிப்பி மருத்துவ நடுவத்துக்குக் காப்புரிமை தரப்பட்டது. இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் பழஞ்சான்றுகளைக் காட்டி எதிர்த்தது. 1997ஆம் ஆண்டில் அவ்வுரிமை வீழ்ந்தது. இத்தகைய களவுகளைத் தடுக்க, 2001ஆம் ஆண்டில் மரபறிவு மின்னூலகம் ஒன்றை நடுவணரசு தொடங்கிற்று. தமிழிலுள்ள சித்தமருத்துவ நூல்களும் அதில் உண்டு. அவற்றை ஆங்கிலம், செருமன், பிரெஞ்சு, சப்பானியம், இசுபானியம் என்னும் ஐந்து மொழிகளில் பெயர்த்து உலகக் காப்புரிமை அலுவலகங்களுக்குத் தருகின்றனர். நற்பணியே. ஆனால் சித்தர் தமிழை ஐந்து மொழிகளில் பெயர்க்க ஆளும் பொருளும் உள்ள அரசுக்கு, சித்தரின் கொள்ளுப்பேரன் எழுதும் தமிழை ஒரே ஒரு மொழியில் பெயர்க்க மட்டும் ஆளில்லையா? மனமில்லை என்க!

மூவகை மறுப்புரை

ஆய்ந்து பார்க்கும் அலுவலர்க்குத் தமிழ் தெரியாது என்பது முதல் மறுப்புரை. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் மொழிகள் ஆங்கிலம், செருமன், பிரெஞ்சு என்னும் மூன்றே. ஆயினும் அங்கே எம்மொழியிலும் விண்ணப்பம் இடலாம். இரண்டு திங்களுக்குள் பெயர்ப்பினைத் தந்தால், முதலில் இட்ட நாளே நிலைக்கும். முந்தி இட்டவனுக்கே உரிமை என்னும் இத்துறையில் அந்நாளே உயிர். செருமனி நாட்டு மூனிச்சு நகரில் தமிழில் எழுதி நாள் பெறலாம். தமிழ்நாட்டுக் கிண்டியில் அவ்வுரிமை இல்லை! திட்டக்குடி இளைஞன் நேரே மூனிச்சுக்கே விண்ணப்பிக்கட்டும் எனின், இந்திய வாழ்நர் முதலில் இந்தியாவில் இட்டு ஆறு கிழமை பொறுத்தல் வேண்டும், அன்றேல் இசைவு பெறல் வேண்டும் என்று 39ஆம் பிரிவு குறுக்கே நிற்கின்றது. வீட்டிலும் உணவில்லை, அயலிலும் உண்ணலாகாது!

தமிழில் கலைச்சொல் இல்லை என்பது இரண்டாம் மறுப்புரை. மின்புலம், மின்காப்பு, ஒளியுமிழ்வு, பாவு, ஊடை என்று இவ்வொளித்துணியை விளக்க வேண்டிய சொற்கள் யாவும் ஈண்டே ஆளப்பட்டுள்ளன, எச்சொல் விளங்கவில்லை? அண்ணா பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டிலேயே தமிழ்வழிப் பொறியியற் கல்வியைத் தொடங்கிற்று. தமிழில் பொறியியல் கற்கலாம், தேர்வெழுதலாம், பட்டம் பெறலாம். கற்றதைக் கொண்டு ஒன்றைப் புனைந்தால் மட்டும் தமிழில் சொல்லலாகாது என்பது என்ன முறை?

உலக வணிகத்துக்கு ஆங்கிலம் வேண்டும் என்பது மூன்றாம் மறுப்புரை. உலகளாவிய காப்புரிமை ஒப்பந்தத்தின் வெளியீட்டு மொழிகள் பத்து; கொரிய மொழியும் அவற்றுள் ஒன்று. தமிழரோடு ஒப்பிடத்தக்க அளவினரே கொரியர். சீனக் குழுவினர் தம் ஆய்வுரையை ஆங்கிலத்தில் வெளியிட்டனர் என்பது உண்மை. ஆயின் சீனத்தின் காப்புரிமை அலுவலகத்தில் ஆவணங்கள் சீன மொழியில்தான் இருத்தல் வேண்டும். அவர்கள் ஆங்கிலத்தைச் சன்னலாக வைத்துள்ளனர். ஈண்டோ ஆங்கிலத்தையும் இந்தியையும் வாயிலாக வைத்துத் தமிழுக்குச் சுவரெழுப்பியுள்ளனர்.

செய்யத்தக்கன

9ஆம் விதி திருத்தப்படல் வேண்டும். அரசியல் சட்டத்தின் எட்டாம் பட்டியல் மொழி எதிலும் இடப்பெறும் விண்ணப்பத்துக்கு, இட்ட நாளே நாளாகக் கொள்ளப்படல் வேண்டும். பெயர்ப்பினை அரசே தன் செலவில் செய்தல் வேண்டும். பெயர்ப்பு பிழைபடின், புனைந்தவன் எழுதிய தமிழே முடிவாதல் வேண்டும். இத்திருத்தத்துக்கு நாடாளுமன்றமும் கூட வேண்டா. விதியை வகுத்த நடுவணரசே மாற்றலாம்.

தமிழ்நாட்டு அரசுக்கும் கடமையுண்டு. சட்டமன்றத்தில் தமிழ் வாழ்க என்று முழங்குவோர், தறியிலும் பட்டறையிலும் தமிழ் வாழ என்ன செய்தனர்? மாவட்டந்தோறும் காப்புரிமைப் பெயர்ப்பு நிலையம் ஒன்றை அமைக்க நடுவணரசின் இசைவு வேண்டுமோ? முதுகுன்றத்துப் பீங்கான் பயிலகத்திலும் நெசவுக் கூட்டுறவுகளிலும் உரிமைக்கூற்று எழுதும் கலையைத் தமிழில் கற்பிக்கத் தடுத்தவர் எவர்?

இதே கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தில், 1965ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 27ஆம் நாள், இந்தித் திணிப்பை எதிர்த்து அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் குண்டேந்தி வீழ்ந்தார். அஞ்சலகப் படிவத்திலும் தொடர்வண்டி நிலையத்திலும் இந்தியை எதிர்த்த தமிழினம், அறிவுக்கு உரிமை வழங்கும் அலுவலகத்தில் தமிழ் இல்லாமையை இன்றளவும் கண்டும் காணாதிருத்தல் தகுமா? ஆண்ட பரம்பரை என்று பேசிப் பயனில்லை. புனையும் தலைமுறையாகவும், புனைந்ததைத் தமிழில் நாட்டும் தலைமுறையாகவும் எழுதல் வேண்டும்.

தமிழ்ப் பொறியாளர் தம் புனைவைத் தமிழில் எழுதுக! எழுதியதை ஏற்க மறுக்கும் விதியைக் கேள்வி கேட்க! பாவு தமிழ், ஊடை தமிழ், அவை கூடும் இடத்தில் பிறக்கும் ஒளிக்கும் தமிழே பெயரிடுக!