வலை மட்டுந்தானா?

தொடக்கப் பள்ளியிலேயே தொழில்களைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றால், இரு திசைகளிலிருந்து கண்டனக் கணைகள் பாய்கின்றன. பால்மணம் மாறாப் பிள்ளைக்குப் பிழைப்பைப் பற்றிய பேச்சு எதற்கு என்கின்றனர் ஒரு சாரார். நம் தோழர்கள் சிலரோ, "மறுபடியும் குலக் கல்வியா?" என்று சீறுகின்றனர். சீறும் தோழர்களிடம் முதலில் பேசுவோம்; அவர்தம் சீற்றத்திலே நியாயமும் இருக்கிறது, வரலாறும் இருக்கிறது.

1953இல், ஆச்சாரியார் முதலமைச்சராக வீற்றிருந்த நாளில், கிராமப் பள்ளிகளுக்கென ஒரு திட்டம் வந்தது. நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படிப்பு. மிச்சப் பொழுதிலே பெற்றோர் செய்யும் தொழிலைப் பழகு! குயவன் மகன் சக்கரத்தண்டை, சலவையாளன் மகன் துறையண்டை, மீனவன் மகன் வலையண்டை! புரோகிதர் வீட்டுப் பிள்ளை மிச்சப் பொழுதில் என்ன செய்யும்? மறுபடியும் ஏட்டைப் புரட்டும்! குலக் கல்வித் திட்டம் என்று பெரியார் அதற்கு இட்ட பெயரே நிலைத்தது. கழகங்கள் களத்தில் இறங்கின, மறியல் நடந்தது, சிறை நிரம்பியது. 1954இல் ஆச்சாரியார் பதவி விலக, காமராசர் ஆட்சி அத்திட்டத்தைக் குழிதோண்டிப் புதைத்தது.

புதைத்தது சரி. ஆனால் தோழர்களே, அந்தத் திட்டத்தின் நஞ்சு எங்கே இருந்தது? தொழிலைப் பற்றிப் பேசியதிலா? அன்று! ஒரே ஒரு தொழிலை மட்டும் காட்டியதில் இருந்தது. உலகிலுள்ள ஆயிரம் கதவுகளையும் சாத்திவிட்டு, அப்பன் நுழைந்த கதவை மட்டும் திறந்து வைத்ததே அதன் கொடுமை. அப்படியானால் மாற்று மருந்து என்ன? எந்தக் கதவையும் காட்டாமல் வாளாவிருப்பதா? பள்ளி வாய்மூடினால் குப்பம் பேசும், சாதி பேசும், பசி பேசும். அவை மூன்றும் சொல்லித் தருவது குலக் கல்விதான், சட்டம் இல்லாத குலக் கல்வி!

தனுஷ்கோடியைப் பாருங்கள். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, புகைவண்டி அந்த மணல் முனைவரை ஓடியது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். நிலையம் இருந்தது, சுங்க அலுவலகம் இருந்தது, அஞ்சலகம், பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாம் இருந்தன. வலைஞர் வீட்டுச் சிறுவன் வாசலில் நின்றாலே நிலைய அதிகாரியைக் காண்பான், இயந்திர ஓட்டியைக் காண்பான், மாலுமியைக் காண்பான். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வந்த புயல் ஊரை விழுங்கியது; பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த வண்டியை, நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு விழுங்கியது. செத்தவர்களுக்காக அழுதோம். ஒரு குழந்தையின் கண்ணெதிரே உலவிய அத்தனை தொழில்களும் அன்றிரவே மூழ்கிப் போயின என்பதை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

குடியிருக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்த பின்னும் மீனவக் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. 2017இல் அரிச்சல்முனைவரை சாலை வந்தது. சுற்றுலா ஊர்திகள் வருகின்றன. இன்று அங்கே வளரும் பிள்ளை எதைப் பார்க்கிறது? அப்பனின் வலை. அன்னையின் சிப்பிக் கடை. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போனதாம் என்ற சேதி. அணில் முதுகில் கோடு விழுந்த கதை அந்தப் பிள்ளைக்குத் தெரியும், வழிகாட்டிகள் நாள்தோறும் முழங்குவதால்! 1914இல் கட்டிய பாலத்தின் நடுப்பகுதி கப்பலுக்கு எப்படி வாய் பிளந்து வழிவிட்டது, 2025இல் திறந்த புதிய பாலம் எப்படிச் செங்குத்தாக எழுகிறது, அதைக் கணக்கிட்டவர் எந்தப் படிப்புப் படித்தவர் என்று யார் சொன்னார்கள்?

2018இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. இருபது நாடுகளில், ஏழு முதல் பதினொரு வயதுவரையுள்ள ஏறத்தாழ 20,000 பிள்ளைகளிடம், பெரியவரானால் என்ன ஆவீர் என்று படம் வரையச் சொன்னார்கள். தமக்குத் தெரிந்தவர் செய்யும் வேலையையே பலர் வரைந்தனர். பள்ளிக்கு வந்து பேசியவர் வாயிலாக ஒரு தொழிலை அறிந்தவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இது ஆண் வேலை, இது பெண் வேலை என்ற கோடு ஏழு வயதிலேயே விழுந்துவிட்டிருந்தது.

இப்போது, "பால்மணம் மாறாத பிள்ளை" என்று உருகுவோருக்கு வருவோம். இராமேசுவரம் தொடக்கப் பள்ளி, ஐந்தாம் வகுப்பு. குல்லாய் அணிந்த இசுலாமியச் சிறுவன் ஒருவன் முன்வரிசையில், அர்ச்சகர் மகன் பக்கத்தில் அமர்ந்திருக்கிறான். புதிதாக வந்த ஆசிரியருக்குப் பொறுக்கவில்லை; போ, பின்வரிசைக்கு! படகுக்காரர் செயினுலாப்தீன் மகன் அப்துல் கலாம் எழுந்து போனான். "இதுதான் உன் இடம்" என்ற பாடத்தை நடத்துவதற்கு மட்டும் அந்த வயது போதுமானதாக இருந்ததே! அதே ஐந்தாம் வகுப்பில்தான் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர், பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் வரைந்தார். புரியவில்லை என்றதும் பிள்ளைகளைக் கடற்கரைக்கே அழைத்துப்போய்ப் பறவைகளைக் காட்டினார். விமானத் துறை தம் நெஞ்சில் விதைக்கப்பட்ட நாள் அதுவே என்று கலாம் பின்னாளில் பலமுறை சொன்னார். ஒரே வகுப்பு, இரண்டு பாடங்கள். முதற்பாடம் இன்றும் தெருத்தெருவாக இலவசமாக நடக்கிறது. இரண்டாம் பாடத்துக்கு ஏன் தயக்கம்?

அரசின் திட்டங்கள் இல்லையா என்பீர். 2022இல் தமிழ்நாடு தொடங்கிய 'நான் முதல்வன்' ஒன்பதாம் வகுப்பிலிருந்து வழிகாட்டுகிறது. நல்ல காரியம், ஆனால் அதற்குள் கடலுக்குப் போய்விட்ட பையனுக்கு எப்படி எட்டும்? 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையோ ஆறு முதல் எட்டு வகுப்புக்குள் பத்து நாள் பையில்லா வகுப்பு வைத்து, உள்ளூர்த் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றோரிடம் அனுப்புகிறது. 'உள்ளூர்' என்ற அந்தச் சொல்லிலேதான் கண்ணி இருக்கிறது. தனுஷ்கோடியில் உள்ளூர் என்றால் வலையும் சிப்பியும்தானே!

வேண்டுவது பயிற்சி அன்று. பிஞ்சுக் கையில் உளியும் வேண்டா, ஊசியும் வேண்டா. காட்சி வேண்டும்! பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறவர் வகுப்புக்கு வந்து, எண் எப்படி மாறுகிறது என்று சொல்லட்டும். மண்டபத்துக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலிருந்து விஞ்ஞானி வரட்டும். அப்பன் பிடிக்கிற மீனையே ஆராய்வது ஒரு படிப்பு என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியட்டும். பொறியாளராக ஒரு பெண் வரட்டும், செவிலியராக ஓர் ஆண் வரட்டும். கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் தாயும் அதே நாற்காலியில் அமர்ந்து பேசட்டும். அவள் உழைப்பு இழிவன்று, மகளுக்கு அது விதியும் அன்று. "உன் அப்பா என்ன வேலை?" என்ற கேள்வி மட்டும் அந்த வகுப்பில் எழவே கூடாது.

இதற்குப் புதிய கட்டடம் வேண்டா, தனிப் பாடநூல் வேண்டா, தேர்வு அறவே வேண்டா. மாதத்தில் ஒரு பிற்பகல், வருகிறவருக்குப் பேருந்துக் கட்டணம், ஒரு குவளைத் தேநீர். இராமேசுவரம் தீவின் தொடக்கப் பள்ளிகளில் கல்வித் துறை இதைத் தொடங்கட்டும். கட்டளை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழு ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் தோழர்கள் இதைத் தீர்மானமாகக் கொண்டு வருக. முதல் பிற்பகலுக்கு யாரை அழைப்பது என்பதையும் அங்கேயே முடிவு செய்க.