நோட்டு நிறையவில்லை என்பதா குறை?

 

"பள்ளிக்கூடத்தில் என்ன படிப்பு நடக்கிறது? பாட்டும் கூத்தும்தான். நோட்டைப் புரட்டினால் ஒரு பக்கம்கூட நிறையவில்லை." அரசுத் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் நம் சமுதாயப் பெற்றோர் பலரின் வாயில் இப்பேச்சு புழங்குகிறது. அங்கே விளையாட்டுத்தானே நடக்கிறது என்று கூறி, கல்யாணத்திற்கு இரண்டு நாள், உம்ராவுக்குச் செல்வோரை வழியனுப்ப ஒரு நாள் என்று பிள்ளையை நிறுத்தியும் விடுகிறார்கள். இந்த எண்ணம் தவறானது. இதற்கு விலை கொடுப்பவர்கள் ஏழு வயதுப் பிள்ளைகள். ஆகவேதான் இதனை வெளிப்படையாக மறுக்க வேண்டியிருக்கிறது.

கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்வதற்காக, 2022-23 கல்வியாண்டில் தமிழ்நாட்டில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருளுணர்ந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்பதே அதன் நோக்கம். பிள்ளைகள் எந்நிலையில் இருக்கிறார்களோ அந்நிலையிலிருந்தே கற்பிப்பதற்காக அரும்பு, மொட்டு, மலர் என மூன்று படிகள் வகுக்கப்பட்டன.

இவ்வழியில் நடக்கும் ஓர் இரண்டாம் வகுப்பின் ஒரு வாரத்தை எண்ணிப் பார்ப்போம். திங்களன்று ஆசிரியை ஒரு சந்தையின் படத்தைக் காட்டி, பிள்ளைகளைப் பேசவைக்கிறார். செவ்வாயன்று, அப்பேச்சில் வந்த சொற்கள் எழுத்து அட்டைகளாகின்றன. 'ப', 'ழ', 'ம்' என்று மூன்று அட்டைகளைச் சேர்த்துப் 'பழம்' என்று பிள்ளை தானே படிக்கிறது. புதனன்று குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டுகிறார்கள். மூன்று கட்டும் நான்கு உதிரிக் குச்சியும் 34. நான்கு கட்டும் மூன்று உதிரியும் 43. வியாழனன்று வகுப்பறையில் கடை விரிகிறது. 13 ரூபாய்க்குப் பழம் வாங்கி, 20 ரூபாய்த் தாளை நீட்டும் பிள்ளைக்கு, கடைக்காரப் பிள்ளை 7 ரூபாய் மீதி தரவேண்டும். வெள்ளியன்று, யாருக்கு எது புரிந்தது, யாருக்கு மீண்டும் சொல்லித்தர வேண்டும் என்று ஆசிரியை சோதித்தறிகிறார்.

இதில் எது கூத்து? ஒன்று முதல் நூறு வரை பத்துப் பக்கம் எழுதிய பிள்ளையிடம், 34 பெரிதா 43 பெரிதா என்று கேளுங்கள். விழித்தால், நிறைந்தது நோட்டு மட்டுமே. குச்சியைக் கட்டிய பிள்ளையோ தயங்காமல் பதில் சொல்லும். ஒரு நாளின் பாடம் மறுநாளின் பாடத்தைச் சுமந்து நிற்பதையும் கவனியுங்கள். செவ்வாயும் புதனும் கல்யாண வீட்டில் இருந்த பிள்ளை, வியாழனன்று கடையின் முன் ஒன்றும் விளங்காமல் நிற்கும்.

மார்க்கத்தின் பெயரைச் சொல்லி இம்முறையைக் குறைகூறுவோரும் உளர். அவர்கள் நபி (ஸல்) அவர்கள் கற்பித்த முறையைப் பார்க்கட்டும். மனிதனின் ஆசை அவனது ஆயுளையும் தாண்டி நீள்வதை விளக்க, அண்ணலார் ஒரு சதுரத்தையும் கோடுகளையும் வரைந்து காட்டினார்கள். அநாதையைப் பராமரிப்பவரின் சிறப்பை இரு விரல்களை உயர்த்திக் காட்டி உணர்த்தினார்கள். அபூ உமைர் என்ற சிறுவரிடம் அவருடைய சிறு பறவையைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள். பொம்மலாட்டம் என்றதுமே முகம் சுளிப்போர், சிறு வயதில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் விளையாட்டுப் பொம்மைகள் இருந்ததையும், நபியவர்கள் அதைத் தடுக்கவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. நம் ஈமானுக்கு முரணான ஏதேனும் வகுப்பில் நடப்பதாக உண்மையிலேயே தோன்றினால், ஆசிரியரிடம் சென்று கண்ணியமாகப் பேசலாம். அதற்காகப் பிள்ளையை வீட்டில் நிறுத்துவது தீர்வாகாது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யா' நூலில், மக்தபிலிருந்து திரும்பும் சிறுவனை நல்ல விளையாட்டில் ஈடுபட விடவேண்டும் என்கிறார்கள். விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிப்பையே சுமத்தினால் அவனது உள்ளம் செத்துவிடும், அறிவு மழுங்கிவிடும் என்றும் எச்சரிக்கிறார்கள். இன்று நம் வீடுகளில் நடப்பது என்ன? காலையில் மக்தப், பகலில் பள்ளிக்கூடம், மாலையில் டியூஷன், இரவில் வீட்டுப்பாடம். ஓடியாட ஒரு நாழிகையும் இல்லாத பிள்ளைக்கு, வகுப்பறையில் கிடைக்கும் மகிழ்ச்சியையும் நாம் குற்றமாகப் பார்க்கிறோம்.

வெள்ளிக்கிழமையைப் பற்றியும் சொல்லவேண்டும். பருவமடையாத பிள்ளையின் மீது ஜும்ஆ கடமையில்லை. பழக்கத்திற்காக அழைத்துச் செல்வது நல்லதே. அதற்கு நண்பகலில் ஆசிரியரிடம் அனுமதி கேட்டால் போதும். ஜும்ஆவைக் காரணமாக்கி முழு நாளையும் வீணாக்குவோருக்கு மார்க்கத்தில் ஆதாரம் இல்லை.

பத்ருப் போரில் கைதானவர்களுள் எழுதத் தெரிந்த சிலருக்கு, அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதே மீட்புத் தொகையாக்கப்பட்டது. எதிரியிடமிருந்தும் எழுத்தைப் பெற்ற உம்மத், தன் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்தை அலட்சியம் செய்வது தகுமா?

இரண்டாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளை, ஐந்தாம் வகுப்பில் பாடத்தைப் படிக்க முடியாமல் தலைகுனிகிறது. எட்டாம் வகுப்பில் அந்த மகன் கடை வேலைக்குப் போகிறான்; மகள் அடுப்படிக்குத் திரும்புகிறாள். குர்ஆனின் தமிழாக்கத்தைக் கையிலெடுத்தாலும் அவர்களுக்கு அது விளங்குவதில்லை. அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதத்தை இவ்வாறு பாழாக்க நமக்கு உரிமையில்லை.

ஆகவே, இரவில் பிள்ளையிடம் "எத்தனை பக்கம் எழுதினாய்?" என்று கேட்பதை விட்டு, "இன்று என்ன செய்தாய்? எங்களுக்கும் செய்து காட்டு" என்று கேளுங்கள். புளியங்கொட்டையை எண்ணவைத்து வீட்டிலும் பழக்குங்கள். காய்ச்சல் போன்ற உண்மையான காரணமின்றி ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் உண்மையிலேயே குறை இருந்தால் அதைப் பேசுவதற்கும் இடம் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும். ஆசிரியர் போதவில்லையா? வகுப்பறை ஒழுகுகிறதா? கல்யாண வீட்டில் புறம்பேசுவதை நிறுத்தி, உம்மாமார்களும் வாப்பாமார்களும் அக்குழுக் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். மக்தப் நடத்தும் உஸ்தாதுமார்களும், பிரம்பை ஒதுக்கிவிட்டு, அரபி எழுத்துகளையும் அட்டையிலும் படத்திலும் கற்பிக்க முன்வர வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைக் காக்கும் பொறுப்புணர்வை நமக்கும் அருள்வானாக! ஆமீன்.