எட்டுப் பெண்கள் போதும்!



"நம் பள்ளி சிறிய பள்ளி. மாணவர் எண்ணிக்கை குறைவு. திடல் சரியில்லை. பணம் இல்லை. பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே குழு அமைப்பது?" இந்தப் பல்லவியை நாம் எத்தனை ஆண்டுகளாகப் பாடி வருகிறோம்! ஆயர் தாவாரிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலும் மட்டுமன்று, நாடெங்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் கூடும் இடங்களில் எல்லாம் கேட்கும் குரல்தான் இது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால், உண்மையைச் சாக்காக மாற்றிக்கொள்வது வேறு. அதைத்தான் நான் மறுக்க விரும்புகிறேன்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இம்மாகுலாட்டா என்றொரு கல்லூரி. கத்தோலிக்கக் கன்னியர் 1920இல் தொடங்கிய சிறிய பெண்கள் கல்லூரி. அதன் விளையாட்டரங்கம் 1967இல் தீக்கிரையாயிற்று. 1970இல் கேத்தி ரஷ் என்ற இளம்பெண் கூடைப்பந்துப் பயிற்றுநராக வந்தார். ஆண்டு முழுமைக்கும் அவருக்குக் கிடைத்த ஊதியம் 450 டாலர். வீராங்கனைகள் அணிந்தது கம்பளித் துணியில் தைத்த பழங்காலச் சீருடை. அரங்கம் இல்லாததால் கன்னியர் மடத்துக் கூடத்தில் பயிற்சி செய்தார்கள்.

1972இல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்கான தேசியப் போட்டி இல்லினாய் மாநிலத்தில் நடந்தது. பயணச் செலவுக்காகப் பல்துலக்கிகளை விற்றுக்கூடப் பணம் திரட்டினார்கள். அப்படியும் எட்டுப் பேரை அனுப்பத்தான் பணம் போதியது. பதினாறு குழுக்களில் பதினைந்தாம் இடத்தில் தரப்படுத்தப்பட்டிருந்த குழு அது. இறுதியாட்டத்தில் எதிரே நின்றது வெஸ்ட் செஸ்டர் கல்லூரி. சில நாள்களுக்கு முன்புதான் வட்டாரப் போட்டியில் இவர்களை 32 புள்ளிகள் வித்தியாசத்தில் வீழ்த்திய குழு. அந்தக் குழுவை 52-48 என்று வென்று, அந்த எட்டுப் பெண்களும் வாகை சூடினார்கள். 1973, 1974 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம் அவர்களுக்கே. கன்னியாஸ்திரிகளும் பெற்றோரும் வாளிகளைத் தட்டி ஆரவாரம் செய்தார்களாம்! 1975இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் இவர்கள் ஆடியதைக் காண ஏறத்தாழ 12,000 பேர் திரண்டார்கள்.

எண்ணிப் பாருங்கள். கூடைப்பந்துக்குத் திடலில் ஐவர் போதும். வலைப்பந்துக்கு எழுவர். நூற்றைம்பதுக்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகளைக் கல்வி அமைச்சு 'குறைந்த மாணவர் பள்ளி' என்று வகைப்படுத்துகிறது. நம் தமிழ்ப்பள்ளிகளில் பல இந்த வகையில் அடங்குவன. பதினொருவர் தேவைப்படும் காற்பந்துக்காக ஆண் பிள்ளைகளை எப்படியாவது தேடிப் பிடிக்கும் நாம், எட்டுப் பெண் பிள்ளைகளைத் தேட மட்டும் ஏன் சோர்ந்து போகிறோம்? சிறிய பள்ளிக்கு ஏற்ற விளையாட்டே இதுவன்றோ!

"அது வெள்ளைக்காரர் கதை" என்பீர்கள். தமிழ்ப் பெண்களையே பார்ப்போம். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை பத்தொன்பது வயதிலேயே இந்தியக் கூடைப்பந்துக் குழுவின் தலைவியானவர். தாயான பிறகும் திடலுக்குத் திரும்பி வந்து ஆடியவர். 2021இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம், 2009இலும் 2018இலும் ஆசிய வலைப்பந்து வாகையர் பட்டம் வென்ற இலங்கைக் குழுவில் ஆடியவர். அவருடைய உயரம் ஏறத்தாழ 208 செண்டிமீட்டர். பெண் பிள்ளை உயரமாக வளர்ந்தால் "மாப்பிள்ளை எங்கே தேடுவது?" என்று கவலைப்படும் சமூகத்தில்தான் அவரும் பிறந்தார். அந்த உயரத்தையே நாட்டுக்குப் பெருமையாக்கிக் காட்டினார்.

நம் நாட்டுக்கு வருவோம். 2017ஆம் ஆண்டு கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் மகளிர் கூடைப்பந்து, வலைப்பந்து இரண்டிலும் மலேசியாவே தங்கம் வென்றது. வழி இருக்கிறது. நம் பிள்ளைகளை அந்த வழியில் நடக்க விடுகிறோமா என்பதே கேள்வி. நமக்கு அருகிலேயே இருக்கும் சீனப்பள்ளிகளைப் பாருங்கள். மாலை வேளையில் கூடைப்பந்துத் திடலில் பெண் பிள்ளைகளின் குரல் கேட்கும். அவர்களுக்கும் தேர்வு உண்டு, வீட்டுப்பாடமும் உண்டு.

பெற்றோர்களே, மூன்று பழக்கங்களை நாம் விட்டொழிக்க வேண்டும்.

முதலாவது, ஆறாம் ஆண்டு வந்தவுடன் பெண் பிள்ளையைப் பயிற்சியிலிருந்து நிறுத்துவது. முன்பு யு.பி.எஸ்.ஆர். தேர்வைக் காரணம் காட்டினோம். 2021இல் அத்தேர்வே அகற்றப்பட்டுவிட்டது. இப்பொழுது என்ன காரணம்?

இரண்டாவது, "வெயிலில் கறுத்துப் போவாள்" என்ற அச்சம். இதற்கு மறுமொழி எழுதவே கை கூசுகிறது. நம் பாட்டிமார் விடியற்காலையில் இரப்பர் மரம் சீவி, வெயிலேற வெயிலேறப் பால் சுமந்துதான் நம்மை ஆளாக்கினார்கள்.

மூன்றாவது, புறப்பாட நடவடிக்கை வீண் என்ற எண்ணம். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு உரியது. ஒரே ஒரு புள்ளியில் வாய்ப்பை இழக்கும் பிள்ளைக்கு அந்தப் பத்தின் அருமை தெரியும்.

ஆசிரிய நண்பர்களே, நம்மீதும் குற்றம் உண்டு. உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்குத் தாரை வார்ப்பவர் யார்? பெண் பிள்ளைகளிடம் ஒரு பந்தைக் கொடுத்துவிட்டு மரநிழலில் உட்கார வைப்பவர் யார்? பயிற்றுநர் சான்றிதழ் வகுப்புக்கு அழைப்பு வந்தால், அதைப் புதிதாய் வந்த ஆசிரியையின் தலையில் கட்டுபவர் யார்? நாம்தாம்.

இம்மாகுலாட்டாவின் பொற்காலம் நெடுநாள் நீடிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1975, 1976 இறுதியாட்டங்களில் டெல்டா ஸ்டேட் குழுவிடம் தோற்றது. பெரிய பல்கலைக்கழகங்கள் உபகாரச் சம்பளத்தோடு களமிறங்கிய பின் சிறிய கல்லூரியால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆனால், அங்கு ஆடிய பெண்கள் தோற்றுப் போகவில்லை. தெரெசா கிரென்ட்ஸ் 1992 ஒலிம்பிக்கில் அமெரிக்க மகளிர் குழுவின் பயிற்றுநரானார். மரியான் ஸ்டான்லி தாம் பயிற்றுவித்த பல்கலைக்கழகக் குழுவுக்கு மூன்று தேசியப் பட்டங்களைப் பெற்றுத் தந்தார். கோப்பை அலமாரியில் தூசு படியும். தன்னால் முடியும் என்று அறிந்த பெண்ணோ பலரை உருவாக்குவாள்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள்: ஒரு வளையம், இரண்டு பந்து, வாரம் இரண்டு மாலை, எட்டுப் பெண் பிள்ளைகள். இதற்கும் பணமில்லை என்று சொல்லும் பள்ளி, ஆண்டு விழாப் பந்தலுக்குச் செலவிட்ட கணக்கை முதலில் எடுத்துப் பார்க்கட்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.