கண்ணீர்த்துளி வண்டியும் லயக் காம்பராவும்

சிறியதே அழகு என்னும் தொடரை ஈ. எப். சூமாக்கர் 1973ஆம் ஆண்டு தம் நூலுக்குத் தலைப்பாக்கியபோது அவர் கருத்தில் இருந்தது பொருளாதார அமைப்பு. இற்றைநாளில் அத்தொடர் படுக்கையறையின் நீள அகலத்தை அளக்க இறங்கி வந்துவிட்டது. குறைந்த இடத்தில் வாழ்தலே உயர்ந்த வாழ்வு, பெருவீடு மனத்துக்குச் சுமை, சக்கரத்தின்மேல் ஏற்றத்தக்க இருப்பிடமே விடுதலை என்றெல்லாம் நம் வளாகத்திலும் பேசப்படுகின்றது. அண்மையில் ஒரு கலந்துரையாடலில் நண்பரொருவர் இதற்குச் சான்றாக ஓர் அமெரிக்க வண்டியின் படத்தைக் காட்டினார். காருக்குப் பின்னாற் கொளுவி இழுத்துச் செல்லும் சிறு வண்டி அது. முன்புறம் உருண்டு உயர்ந்து, பின்புறம் சரிந்து மெலியும் அதன் வடிவங் கண்டு கண்ணீர்த்துளி வண்டி என்று பெயரிட்டிருக்கின்றனர். பெயரிட்டவர்கள் அழுதுகொண்டு பெயரிடவில்லை. “இதில் மகிழ்ந்து வாழத் தெரியாதவன் எளிமையை அறியாதவன்” என்று நண்பர் முடித்தார். அவருக்கு அன்று அங்கு மறுமொழி கூற நேரம் போதவில்லை. ஆதலால் இங்கு கூறுகின்றேன்.

எதிர்க்கப்படும் பொருளின் கவர்ச்சியை முதலில் உள்ளபடி ஒப்புக்கொள்வதே நேர்மை. பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய 1930களில் அமெரிக்காவிற் பரவியது இவ்வண்டி. ஒட்டுப்பலகை அங்கு நான்கடிக்கு எட்டடி என்னும் அளவில் விற்கப்படுவது. அத்தகைய ஒரு பலகையின் அளவே பொதுவாக வண்டித் தளத்தின் அளவுமாகும். உள்ளே ஒரு மெத்தை. இருவர் படுக்கலாம், எழுந்து நிற்க முடியாது. பின்புறக் கதவை மேலே தூக்கினால் அதன்கீழ் அடுப்பும் தட்டுமுட்டுகளும் தண்ணீர்க் கலமும் அடங்கிய அடுக்களை. சமைப்பவர் நிலத்தில் நின்றே சமைக்க வேண்டும். தூக்கிய கதவே அவருக்குக் கூரை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் மிஞ்சிக் கிடந்த அலுமினியத் தகடுகளைக் கொண்டு பலர் இதனைத் தம் கையாலேயே செய்தனர். பின்னர் பெரிய வண்டிகள் வந்து இதனை ஒதுக்கின. அண்மைப் பதிற்றாண்டுகளில் மீண்டும் இதற்கு மவுசு பிறந்திருக்கின்றது.

கவர்ச்சியின் இரகசியம் யாது? வண்டிக்குள் உறக்கம் ஒன்றைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. ஆகவே விழித்திருக்கும் பொழுதெல்லாம் மரத்தடியிலும் ஆற்றங்கரையிலும் கழிகின்றது. ரிவர்ஸ்டன் பக்கத்தில் ஒரு மழையிரவைக் கூடாரத்திற் கழித்தவருக்கு, ஈரநிலத்தையும் அட்டையையும் விட்டு உயர்ந்து நிற்கும் ஓர் உலர்ந்த மெத்தை எத்தகைய பேறு என்று விளக்க வேண்டியதில்லை. இது உண்மையான இன்பம். இதனை நான் இகழவில்லை. தம் கையால் ஒரு பொருளைச் செய்து, அதனை இழுத்துக்கொண்டு, தாம் விரும்பிய இடத்தில் விடியலைக் காணச் சென்ற அந்த அமெரிக்கத் தொழிலாளி மீது எனக்கு மதிப்பே உண்டு. என் பிணக்கு அந்த வண்டியை அறநூலாக்க முயல்வோருடன்.

நண்பர் கணக்குக் காட்டினார். வண்டியின் பரப்பு 32 சதுர அடி. இருவர் படுத்தால் ஆளுக்குப் 16. நானும் ஒரு கணக்குக் காட்டுகின்றேன். மலையகத்து லயக் காம்பரா பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதாவது 120 சதுர அடி. குடும்பத்தில் ஆறுபேர் எனக் கொண்டால் ஆளுக்கு 20. ஆக, நண்பர் போற்றும் எளிமையாளரைவிட நாம் ஆளுக்கு நான்கு சதுர அடி செல்வந்தர்கள்! இந்தக் கணக்கில் விடுபட்டுப்போனது காலம். வண்டியில் இருவர் உறங்குவது இரண்டு இரவு, மூன்று இரவு. காம்பராவில் நான்கு தலைமுறை, ஐந்து தலைமுறை. நான் வளர்ந்த அலவத்துகொடைச் சுற்றாடலிலும், அதற்கப்பால் மாத்தளைத் தோட்டங்களிலும், லயத்தில் ஒரு காம்பராவின் இருமல் மூன்றாங் காம்பராவுக்குக் கேட்கும். முதுகோடு முதுகொட்டிய இரட்டை லயமாயின் பின்கதவும் இல்லை. மகனுக்கு மணமானால் இஸ்தோப்பைச் சாக்கால் மறைத்து அறையாக்குவர். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை எல்லோரும் உறங்கியபின் விளக்கேற்றும். விளக்கேற்றினாற் பிறருக்கு உறக்கமில்லை. சிற்றிட வாழ்வை இத்தனை ஆண்டு பயின்ற ஒரு சமூகத்திடம் எவரும் வந்து எளிமையின் இலக்கணத்தைக் கேட்டதாக நான் அறியேன்.

சொல்லையும் சற்று நோக்குவோம். வெளியிற் சென்று தங்கும் இப்பொழுதுபோக்கைத் தமிழில் முகாமிடுதல் என்கின்றோம். முகாம் என்னும் சொல் ஈழத்தமிழனின் காதில் எவ்வாறு விழுகின்றது? 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு உரியவர்கள் என எழுதியபின், தலைமன்னாரிற் கப்பலேறியவர்கள் இறங்கிய கரையில் மண்டபம் முகாம் இருந்தது. 1983இன் பின் அகதிகளாகச் சென்றோரையும் அதே முகாம் ஏற்றது. 2009இல் வவுனியா மெனிக் பாமில் முள்வேலிக்குள், கூடாரங்களிலும் தகரக் கொட்டில்களிலும் அடைக்கப்பட்டவர்கள் மூன்று இலட்சத்தை அண்மித்தனர். அம்முகாம் மூடப்பட்டது 2012இல். கூடாரத்துணியின் மணம் சிலருக்கு விடுமுறையை நினைவூட்டுமாயின், நம் வகுப்பறையில் அருகே அமர்ந்திருக்கும் வேறு சிலருக்கு அது நினைவூட்டுவது முற்றிலும் வேறு. நண்பர் இதனை அறியாதவரல்லர். அறிந்தும் பேச்சின் வேகத்தில் மறந்தார் எனக் கொள்வோம்.

அலவத்துகொடையூடாகச் செல்லும் ஏ-9 வீதியில் நாம் பேருந்திற் கண்ணயர்ந்து கடந்து போகின்றோம். கோப்பிக் காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காடு வழியாக மாத்தளைக்கும், அங்கிருந்து கண்டிப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் நடந்து வந்த தடம் இப்பக்கமாகவே ஏறியது. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் மாண்டவர்கள் புதைந்த தடம் அது. அவர்களும் மரத்தடியிற் படுத்தனர்; அவர்களும் மூன்று கல் கூட்டிச் சமைத்தனர். திறந்த வானத்தின்கீழ் உறங்கிய அவ்வனுபவத்தை எந்தச் சுற்றுலாக் கையேடும் புகழ்ந்ததில்லை. 2023இல், மலையக மக்களின் 200 ஆண்டு நிறைவையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 250 கிலோமீற்றர் நடந்தவர்கள் அத்தடத்தையே மீள மிதித்தனர். அந்நடையின் கோரிக்கைகளிற் காணியும் வீடும் இருந்தன.

இனி மறுதரப்புக்கு வருவோம். இடதுசாரித் தோழர் சிலர், வெளியிற் சென்று தங்குவதே பூர்ஷ்வாக் கேளிக்கை, உழைப்பவனுக்கு அது வேண்டாதது என்று ஒரே வரியிற் தீர்த்துவிடுகின்றனர். இதனையும் நான் மறுக்கின்றேன். கூட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் பாய் விரித்து, பிள்ளைகுட்டிகளுடன் வல்லிபுரத்துக்கும் சந்நிதிக்கும் திருவிழாவுக்குச் சென்றவர்கள் யாழ்ப்பாணத்துப் பூர்ஷ்வாக்கள் மாத்திரமா? பருத்தித்துறைத் தெருமூடி மடமும் கண்டிப் பகுதியின் அம்பலங்களும் யாருக்காகக் கட்டப்பட்டன? தொண்டைமானாற்றிலிருந்து கதிர்காமம் வரை கிழக்குக் கரையோரமாகக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டம், குமணக் காட்டில் மரத்தடியிற் பொங்கி உண்டு உறங்கிச் செல்வது இன்றும் நிகழ்வதே. வீட்டுச் சுவரை விட்டுச் சிலநாள் வெளியேற வேண்டும் என்னும் வேட்கை எந்த வர்க்கத்துக்கும் தனியுரிமை அன்று. தோட்டத் தொழிலாளிக்கு அவ்வேட்கை இல்லை என்று கூறுவது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும். அவருக்கு இல்லாதது ஓய்வு நாள். 2015இல் எழுந்த நாளொன்றுக்கு 1000 ரூபாக் கோரிக்கை சட்டமாக 2021 வரை காத்திருக்க நேர்ந்த இடத்தில், மலைக்குப் போகாத நாளொன்று அடுப்பெரியாத நாளாகக்கூடும்.

அமெரிக்காவிலும் இப்பிரிவு மறைந்துவிடவில்லை. 2008இன் பொருளாதாரச் சரிவில் வீட்டை இழந்த முதியோர் பலர், வண்டியையே வீடாக்கிப் பருவகால வேலை தேடி அலைந்ததை ஜெசிக்கா புரூடர் 2017இல் நூலாக எழுதினார். அந்நூலைத் தழுவிய திரைப்படத்துக்கு 2021இல் ஒஸ்கார் விருதும் கிடைத்தது. ஒரே வீதியில் ஒரே விதமான இரு வண்டிகள் செல்கின்றன. ஒன்றின் உரிமையாளருக்குத் திரும்பிச் செல்ல வீடுண்டு; மற்றவருக்கு இல்லை. படத்திற் பார்த்தால் வேறுபாடு தெரியாது.

இக்கேள்வி நமக்கு நிலத்தில் வந்து முடிகின்றது. கேரள அரசு 2021இல் காரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. இங்கும் அது வளரும், வளரட்டும். ஆனால் வண்டி நிற்க இடம் வேண்டும், தண்ணீரும் மலசலகூடமும் வேண்டும், மலைக்காட்சியும் வேண்டும். இவையெல்லாம் ஒருங்கே அமையக்கூடியது தோட்ட நிலம். அரசுக்குரிய அந்நிலம் 1992 முதல் கம்பனிகளின் நிர்வாகத்தில் உள்ளது. இரண்டு இரவுக்கு வரும் வண்டிக்கு அந்நிலத்தில் இடம் ஒதுக்குவது வணிகம் எனப்படும். ஐந்து தலைமுறையாக அங்கு வாழ்பவர் கேட்டால் அது பிரச்சினை எனப்படும். 7 பேர்ச்சஸ் காணியும் 550 சதுர அடி வீடும் என்ற திட்டம் நல்லதே; ஆனால் இந்திய உதவியின் முதற்கட்ட 4,000 வீடுகளுக்குப் பின் 2017இல் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட 10,000 வீடுகளின் முதற்பகுதிக்கு அடிக்கல் நட 2024 ஆயிற்று. இடையில் மலை காத்திருக்கவில்லை. 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் மறைந்தன. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலின்போது கண்டி மாவட்டம் பெருமளவு உயிர்களை இழந்தது. எங்கள் அலவத்துகொடைப் பகுதியிலும் மண் சரிந்தது. மலைச்சரிவிற் சிறு கூரை எவ்வளவு பாரமற்றது என்று நண்பர் வியந்தாரே, அப்பாரமின்மையை நாம் அன்று கண்டோம்.

ஆகவே நண்பரிடம் நான் கேட்பது அதிகமன்று. சிற்றிடத்தின் பெருமையைப் பேசும்போது எந்த ஊரில், யார்முன் பேசுகின்றோம் என்பதை நினைக்கட்டும். காம்பராவிலிருப்பவர் கையில் அவர் பெயரெழுதிய காணி உறுதி வந்து, பிள்ளைக்குப் படிக்க ஓர் அறையும் தபாற்காரன் தேடிவர ஓர் இலக்கமும் அமையட்டும். அதன்பின் அம்முற்றத்தில் ஒரு கண்ணீர்த்துளி வண்டியைச் செய்து நிறுத்த அவர் விரும்பினால், ஒட்டுப்பலகையின் மறுமுனையைப் பிடிக்க நானும் வருவேன். ரிவர்ஸ்டனுக்கு அவர்கள் புறப்படும்போது இடமிருந்தால் ஏறியுங் கொள்வேன்.