பரீட்சை இருக்கட்டும், அடிமைச் சீட்டு கூடாது!

சென்ற மாதம் நமது காரியாலயத்துக்கு ஒரு தோழர் வந்தார். முப்பது வருஷம் நூற்பு மில்லில் ரிங் பிரேமின் முன்னால் நின்று உழைத்தவர். அவர் கையில் ஒரு அச்சடித்த காகிதம். அவருடைய மகள் பி.எஸ்ஸி. நர்ஸிங் படித்துவிட்டு, நாலு வருஷமாக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரவு பகலாக உழைத்து வருகிறார். பிரிட்டனில் நர்ஸ் வேலை வாங்கித் தருவதாக ஒரு ஏஜெண்ட் ஆறு லட்சம் ரூபாய் கேட்கிறான். காகிதத்தில் ‘லைசென்ஸ் செலவு’ என்று ஒரே வரிதான் இருந்தது. வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா என்று யோசனை கேட்க வந்தவர், கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்: “இவ்வளவு பணமும் யாருக்குப் போகுது, தோழர்?”

நியாயமான கேள்வி. மில் தொழிலாளர் வீட்டுப் பெண்களும் விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பெண்களும் இன்று நர்ஸ் படிப்பு படிக்கிறார்கள். எத்தனையோ குடும்பங்களில் இந்தக் காகிதம் வந்து சேர்ந்திருக்கும். ஆகவே கணக்கைப் பகிரங்கமாகப் போட்டுப் பார்ப்போம்.

பிரிட்டனில் நர்ஸாக வேலை செய்ய வேண்டுமானால், அங்குள்ள நர்ஸிங், பிரசவ மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். முதலில் இங்கிலீஷ் பரீட்சை. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற பரீட்சையானால் படித்தல், கேட்டல், பேசுதல் ஒவ்வொன்றிலும் 7; எழுதுவதில் 6.5. பிறகு நம் நாட்டிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதும் பரீட்சை: மருந்தின் அளவைக் கணக்கிட 15 கேள்விகள், நர்ஸ் தொழில் பற்றி 100 கேள்விகள். நமது மாநில நர்ஸிங் கவுன்சில் சான்று அனுப்ப வேண்டும். கடைசியாக பிரிட்டனில் செய்முறைப் பரீட்சை. நர்ஸுகள் இதை ‘ஓஸ்கி’ என்கிறார்கள். பத்து இடங்களில் பத்துச் சோதனைகள். நோயாளியை விசாரிப்பது, சிகிச்சைக்குத் திட்டமிடுவது, மருந்து கொடுப்பது, செய்ததைக் குறித்து வைப்பது என்று ஒவ்வொன்றையும் பரீட்சகர் எதிரில் செய்து காட்ட வேண்டும்.

2024-ம் வருஷ நிலவரப்படி கவுன்சிலுக்கும் பரீட்சைகளுக்கும் கட்டணம் இதுதான்: தகுதி பார்க்க 140 பவுன், கம்ப்யூட்டர் பரீட்சைக்கு 83, செய்முறைப் பரீட்சைக்கு 794, பதிவுக்கு 153. ஆக மொத்தம் 1,170 பவுன். பவுனுக்கு 120 ரூபாய் என்று வைத்தாலும் 1,40,400 ரூபாய். இங்கிலீஷ் பரீட்சை, விசா, விமானச் சீட்டு தனி. ஆள் எடுக்கும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பல, செய்முறைப் பரீட்சைக் கட்டணத்தையும் விமானச் செலவையும் தாங்களே ஏற்கின்றன. அப்படியானால் ஆறு லட்சம் எங்கே போகிறது? அது ஏஜெண்டின் பெட்டிக்குப் போகிறது.

வேலை தேடித் தருவதற்காகத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது பிரிட்டனில் 1973 முதல் உள்ள சட்டம். நம் நாட்டிலும், பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் வரியும்தான் என்று சர்க்கார் விதித்திருக்கிறது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. ஏஜெண்ட் பஸ் ஸ்டாண்டு எதிரிலேயே போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கிறான்!

பரீட்சையே அநியாயம் என்று சிலர் சொல்லுகிறார்கள். நாம் அப்படிச் சொல்லவில்லை. மில்லில் பாய்லரைக் கவனிப்பவருக்குச் சர்டிபிகேட் வேண்டும் என்கிறோம். அது இல்லாதவன் கையில் பாய்லரை ஒப்படைத்தால் சாவது யார்? தொழிலாளிதான். ஆஸ்பத்திரியில் மருந்து அளவு ஒரு புள்ளி தவறினால் போவதும் ஓர் ஏழையின் உயிர்தான். பிரிட்டனில் நர்ஸ் பதிவுச் சட்டம் 1919-ல் வந்தது. பயிற்சி பெற்றவர்களுக்கு ஒரு பதிவேடு வேண்டும் என்று நர்ஸுகளே முப்பது வருஷத்துக்கு மேல் போராடியதன் பலன் அது. ஆகவே திறமையைச் சோதிக்கட்டும். நமது பெண்கள் சோதனைக்கு அஞ்சுகிறவர்கள் அல்ல.

பிரச்னை வேறு. பரீட்சையின் பெயரால் நர்ஸின் கழுத்தில் மாட்டப்படும் கடன்தான் பிரச்னை.

வேலைக்குப் போய்ச் சேர்ந்தவுடன் நர்ஸ் சம்பளம் கிடைத்துவிடுவதில்லை. பதிவு எண் வரும் வரை அதற்குக் கீழ்ப்படியில்தான் சம்பளம். மில்லில் வேலை தெரிந்த ஆள் பதிலியாக நிற்பது போலத்தான் இதுவும். மூன்று மாதத்துக்குள் முதல் முறை செய்முறைப் பரீட்சைக்குப் போக வேண்டும். எட்டு மாதத்துக்குள் பதிவு பெற வேண்டும். இல்லையென்றால் விசாவுக்கே ஆபத்து. தவறினால் மறு பரீட்சைக்கு மறுபடியும் பணம். ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. அங்கே நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார் அந்தப் பெண்.

இதோடு நிற்கவில்லை. இத்தனை வருஷத்துக்குள் வேலையை விட்டால், உன்னைக் கொண்டுவந்த செலவையெல்லாம் திருப்பிக் கட்டு என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. ஆயிரக்கணக்கான பவுன் கேட்ட முதலாளிகள் உண்டு. நமது வாசகர்களுக்கு இந்த ஷரத்து புதிதா? முன்பணம் வாங்கிய பண்ணையாள் கடன் தீரும் வரை வேறு வயலில் கால் வைக்க முடியாமல் இருந்ததை தஞ்சைத் தோழர்கள் அறிவார்கள். மூன்று வருஷம் முடித்தால்தான் மொத்தப் பணம் என்று இளம் பெண்களை மில் விடுதியில் அடைத்த ‘சுமங்கலித் திட்ட’த்தைக் கோவை, திண்டுக்கல் தோழர்கள் அறிவார்கள். பெயர் மாறியிருக்கிறது, தேசம் மாறியிருக்கிறது. கயிறு அதே கயிறு.

இந்தக் கயிற்றை அறுக்க முடியாதா? முடியும். அறுத்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில், பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட நர்ஸுகள், வாக்களித்தபடி சம்பளமும் வேலை நேரமும் தரவில்லை என்று 2006 ஏப்ரலில் ராஜினாமா செய்தார்கள். முதலாளிகள் என்ன செய்தார்கள்? நோயாளிகளைக் கைவிட்டார்கள், லைசென்ஸைப் பறியுங்கள் என்று புகார் கொடுத்தார்கள். லைசென்ஸ் வழங்கும் மாநில இலாகா விசாரித்து, நர்ஸுகள் மீது குற்றமில்லை என்றது. அதன் பிறகும் 2007-ல் பத்து நர்ஸுகள் மீதும், அவர்களுக்கு யோசனை சொன்ன வக்கீல் மீதும் கிரிமினல் வழக்குப் போட்டார்கள்! வேலையை விட்டது குற்றமாம்! 2009 ஜனவரியில் அப்பீல் கோர்ட் அந்த வழக்கை நிறுத்தியது. அதற்குக் காட்டிய காரணங்களில் ஒன்று, அடிமை முறையை ஒழித்த 13-வது அரசியல் சட்டத் திருத்தம். 2019-ல் இன்னொரு வழக்கில், வேலையை விட்டால் 25,000 டாலர் அபராதம் என்ற ஷரத்து செல்லாது என்று சமஷ்டிக் கோர்ட் தீர்ப்பளித்தது. பதின்மூன்று வருஷம் ஆயிற்று. ஆனாலும் நர்ஸுகள் ஜெயித்தார்கள்.

பிரிட்டனிலும் ஒரு வெற்றி உண்டு. இங்கே நர்ஸாக இருந்தவர்கள் பலர், இங்கிலீஷ் பரீட்சையில் அரைப் புள்ளி குறைந்ததால், அங்கே வருஷக்கணக்கில் உதவியாளராகவே வேலை பார்த்து வந்தார்கள். நோயாளியிடம் இங்கிலீஷில்தான் பேசுகிறார்கள். ஆனால் இங்கிலீஷ் தெரியாது என்கிறது காகிதம்! இந்திய நர்ஸுகள் முன்னின்று விண்ணப்பங்களும் கையெழுத்துகளும் திரட்டினார்கள். கவுன்சில் இறங்கி வந்தது. 2023 பிப்ரவரி முதல், இங்கிலீஷில் பயின்று, அந்நாட்டில் ஒரு வருஷம் வேலை செய்தவருக்காக மேலதிகாரி அளிக்கும் சான்றையும் ஏற்றுக்கொள்கிறது. தனித்தனியாக நின்றிருந்தால் இது கிடைத்திருக்குமா?

இன்னொரு கேள்வியும் உண்டு. நமது பெண்கள் ஏன் கடல் தாண்டுகிறார்கள்? தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுகளின் சம்பளம் பற்றி 2016 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டு, மத்திய சர்க்கார் ஒரு கமிட்டி அமைத்தது. 50 படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது கமிட்டி. அந்தச் சிபார்சு இத்தனை வருஷம் ஆகியும் எத்தனை ஆஸ்பத்திரிகளில் சம்பளமாக மாறியிருக்கிறது? இங்கே வயிறு நிறைந்தால் அங்கே போக ஏஜெண்டின் வாசலில் நிற்பார்களா? நமது ஜனங்களின் பணத்தில், நமது ஆஸ்பத்திரிகளில் பழகித் தேர்ந்த கைகளை, ஒரு செலவும் இல்லாமல் பணக்கார நாடு எடுத்துக்கொள்கிறது. பிரிட்டிஷ் பதிவேட்டில் இன்று ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வெளிநாட்டில் பயின்றவர்.

ஆனால் அந்தக் கதவும் என்றைக்கும் திறந்திருப்பதில்லை. 2024-25-ல் அங்கே புதிதாகப் பதிவான வெளிநாட்டு நர்ஸுகளின் எண்ணிக்கை முந்தைய வருஷத்தைவிட ஏறத்தாழ 30 சதவிகிதம் குறைந்தது. ஆள் வேண்டும்போது அழைப்பு. போதும் என்றால் கதவடைப்பு. ஏஜெண்ட் இதைச் சொல்ல மாட்டான். பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டு வேலை இல்லாமல் நிற்கிறவர்களையும் காட்ட மாட்டான்.

ஆகவே நமது தோழர்களுக்குச் சொல்கிறோம்:

கையில் வேலை உத்தரவு இல்லாமல் வீட்டை அடகு வைக்காதீர்கள். ஒவ்வொரு செலவையும் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். தமிழ்நாடு சர்க்காரின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள். ஒப்பந்தத்தில் பணம் திருப்பிக் கட்டும் ஷரத்து உண்டா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்ததும் சங்கத்தில் சேரச் சொல்லுங்கள். விசாவில் வந்தவரும் அங்கே சங்க உறுப்பினராகலாம். சட்டப்படியான வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதற்காக விசாவைப் பறிக்க முடியாது.

சர்க்காரிடம் நாம் கோருவது: அதிகக் கட்டணம் வாங்கும் ஏஜெண்டுகள் மீது வழக்குப் போடு! மாநில நிறுவனத்துக்கு ஒவ்வொரு ஜில்லாவிலும் கிளை திற! அந்நிய நாடுகளோடு ஒப்பந்தம் செய்யும்போது, பரீட்சைச் செலவு ஆள் எடுப்பவருடையது என்று எழுது! கமிட்டி சொன்ன சம்பளத்தை இங்கே அமுல் நடத்து!

அந்த மில் தோழர் பத்திரத்தை அடகு வைக்கவில்லை. செலவுகளைத் தனித்தனியாக எழுதிக் கேட்டதும் ஏஜெண்ட் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டான். மகள் இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்துவருகிறார். ஆஸ்பத்திரியில் சங்கம் அமைப்பது பற்றித் தம்மோடு வேலை செய்யும் நர்ஸுகளிடமும் பேசிவருகிறார். அவர் போனாலும் சரி, இங்கேயே இருந்தாலும் சரி, கடனாளியாக அல்ல, தொழில் தெரிந்த தொழிலாளியாகத் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும். அதற்குத் துணை நிற்பது நம் எல்லோருடைய கடமை.